குளிர் பிளக்

ரோஸ்மினா செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை என்று இருபது வருஷத்துக்கு மேலாக ஓடிவிட்டது. அதில் அவளுக்குப் பெரிய குறை எதுவும் இருந்ததில்லை. வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டுக் கட்டையைச் சாய்க்கலாம். மிச்சத்தை ஹஸ்னோல் பார்த்துக்கொள்வார். சோறு ஆக்கி, மீன் பொரித்து, மூடி வைத்துவிட்டுத்தான் எண்ணெய்ப்பனை ஆலைக்குக் கிளம்புவார். அங்கே அவர் ஃபிட்டர். நல்ல கைவேலைக்காரர், நல்ல வாய்க்காரர். அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு ஸபேடா அக்கா டிவியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள்.

அந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கொஞ்ச நாளில், மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹஸ்னோலின் கையிலிருந்த சோறு நழுவித் தரையில் விழுந்தது.

"என்னங்க இது, சின்னப்புள்ள மாதிரி சிந்துறீங்க" என்று ரோஸ்மினா சிரித்தாள்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கம்தான் திறந்தது. அப்போது சிரித்ததை நினைத்து அவள் பிறகு பல நாள் மனசுக்குள் குன்றிப்போனாள்.

பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. காதும் புத்தியும் அப்படியே இருந்தன. டாக்டர் அதை நல்ல சேதி போலச் சொன்னார். எல்லாம் புரிகிற ஒரு மனிதன், எதையும் சொல்ல முடியாமல் கிடப்பது நல்ல சேதியா என்று ரோஸ்மினாவுக்குத் தெரியவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. 'பெலும்'. மலாயில் இன்னும் இல்லை என்று அர்த்தம். சாப்பிட்டீர்களா என்றாலும் பெலும், வலிக்கிறதா என்றாலும் பெலும், பெயர் என்ன என்றாலும் பெலும். கொஞ்ச காலத்தில் அதன் ராகத்தை வைத்து ஆமாமா இல்லையா என்று கண்டுபிடிக்க அவள் பழகிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் கார் நிறுத்துகிற கூரைக்கு அடியில் அவருடைய வெள்ளை டர்போ கார் இரும்புத் தாங்கிகள் மேல் நின்றது. பழைய ஜப்பான் வண்டி. மகள் இஸியான் பிறந்த வருஷத்து மாடல். கைமாறி வந்ததை அவர் தன் கையாலேயே பிரித்துக் கோத்து வளர்த்திருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு அதைச் சிப்பாங் கார் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று திறந்துவிடுகிற நாளில் விரட்டிவிட்டு வருவார். பக்கவாதம் வருவதற்கு முந்தின வாரம்தான் துருப்பிடித்த பழைய புகைக்குழாயை அறுத்துப் போட்டார். டர்போவின் வாயிலிருந்து பின்பக்கம் வரைக்குமான புது எஃகுக் குழாய் பிளாஸ்டிக் சுற்றியபடி சோபா ஓரமாகக் கிடந்தது. சிப்பாங் கூட்டாளிகள் முதல் மாதம் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். அப்புறம் வருவது குறைந்தது. அவர்களைக் குறை சொல்லவும் அவளுக்குத் தெம்பு இல்லை. பேசத் தெரிந்த ஹஸ்னோலைத்தான் அவர்களுக்குப் பழக்கம்.

வாரம் இருமுறை சிரம்பான் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி. வீட்டிலிருந்த சின்ன காரை இஸியான் வேலை கிடைத்ததும் ஜோகூர் பாருவுக்கு எடுத்துப் போயிருந்தாள். அதனால் வாடகைக் கார்தான். முதல் ஆறு மாதம் சிக்கலில்லை. ஒருநாள் வந்த ஓட்டுநர், ஹஸ்னோலைப் பார்த்ததும் இறங்கிப் போய் பின்பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து வந்து சீட்டில் பரப்பினான். மரியாதையாகத்தான் செய்தான். "தப்பா நினைக்காதீங்க மாமா" என்றுகூடச் சொன்னான். ஹஸ்னோல் ஏறி உட்கார்ந்தார். போகும்போதும் வரும்போதும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை வாடகைக் கார் வந்தபோது, இடது கையால் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பெலும்."

"ஏங்க, நேரமாச்சு. அங்க நம்ம பேரைக் கூப்பிட்டுட்டுப் போயிருவாங்க."

"பெலும்!"

வந்தவன் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. பயிற்சி கொடுக்கிற பெண் போனில் சொன்னாள்: "இப்படி விட்டீங்கன்னா கை இறுகிப் போயிரும்மா. அப்புறம் நாங்க எவ்வளவு இழுத்தாலும் வராது."

அன்று காலை இரவு வேலை முடிந்து வந்த ரோஸ்மினா உடுப்பைக்கூட மாற்றாமல் வாசலில் வந்து உட்கார்ந்தாள். காரை மூடியிருந்த துணியில் பூனை படுத்திருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த புருஷனிடம் காரைக் காட்டிக் கேட்டாள்.

"அதுல வருவீங்களா?"

"பெலும்" என்றார். சொன்ன ராகமே வேறு. அவருடைய இடது முழங்கால் எழுந்திருக்கப் பார்த்தது.

அவள் யாப்புக்குப் போன் போட்டாள்.

யாப் புகைக்குழாய்க் கடைக்காரன். செனாவாங் சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டு, இளவட்டங்களின் வண்டிகளுக்குக் குழாய் வளைத்துப் பற்றவைத்து, இடுப்பு ஒடிந்துபோய்ப் பெல்ட் கட்டிக்கொண்டு திரிகிறவன். ஹஸ்னோலும் அவனும் இருபது வருஷமாகச் சண்டை போட்டே சிநேகம் வளர்த்தவர்கள். இரண்டு நாள் கழித்து ஒரு மதியம் கருவிகளை வேனில் போட்டுக்கொண்டு வந்தான்.

"அண்ணே, எட்டு மாசமா வண்டிய முட்டு கொடுத்து நிறுத்தியிருக்கீங்க. பூனைக்கு வாடகை வாங்குறீங்களா?" என்று கேட்டபடியே படுத்து அடியில் நுழைந்தான். ஹஸ்னோலின் இடப்பக்க உதடு மட்டும் சிரித்தது.

குழாய் ஏறிவிட்டது. பேட்டரி மாற்றி, எண்ணெய் மாற்றி முடித்தான். எட்டு மாதம் நின்ற வண்டி, பிளக்குகளையும் மாற்றிவிடலாம் என்று பின்பெட்டியைத் திறந்தான். அங்கே ஹஸ்னோல் வாங்கி வைத்திருந்த ஸ்பார்க் பிளக்குகள் இரண்டு பெட்டிகளில் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"எதைண்ணே போடட்டும்?"

ஹஸ்னோலின் இடது கை நேராகச் சிவப்புக்குப் போனது.

"ஐயோ, அது சிப்பாங்குக்கு வாங்கினது. நீங்க போறது ஆஸ்பத்திரிக்கு லா."

"பெலும்."

"என்ன பெலும்? டாக்டர் உங்களைப் பறந்தா வரச் சொல்லியிருக்காரு?"

ரோஸ்மினா அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். "ரெண்டுக்கும் என்ன யாப் வித்தியாசம்? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

யாப் ஒரு பிளக்கை எடுத்து அதன் வெள்ளைப் பீங்கான் நுனியைக் காட்டினான். "இந்த மூக்கு எஞ்சினுக்குள்ள நெருப்புலயே இருக்கு அக்கா. கொஞ்சம் சூடா இருந்தாத்தான் மேல படியிற கரியைத் தானே எரிச்சுத் துடைச்சுக்கும். அளவுக்கு மீறிச் சூடாச்சுன்னா அதுவே கொள்ளிக்கட்டையாகி, பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோலக் கொளுத்திரும். பிஸ்டன் ஓட்டையாயிரும்."

"சரி."

"இப்ப குழாயை மாத்தியாச்சு. பழசு சளி பிடிச்ச மூக்கு மாதிரி. இது அகலம். புகை தங்குதடையில்லாம வெளிய போகும். டர்போ சீக்கிரம் சுத்தும், காத்தை அழுத்தி உள்ள தள்ளும், சூடு ஏறும். அதுக்குத்தான் அண்ணன் சிவப்புப் பெட்டிய வாங்கி வச்சிருக்காரு. அந்தப் பிளக்கு சூட்டைச் சட்டுனு எஞ்சின் தலைக்குக் கடத்தி விட்டுரும். நாங்க குளிர் பிளக்குன்னு சொல்லுவோம். அதுலயும் வழக்கத்தைவிட ரெண்டு படி குளிர்ச்சி. கணக்கு தப்பே இல்ல. ஆனா அது மிதிச்சு ஓட்டுறவங்களுக்கு. நீங்க நாப்பதுல ஊர்ந்து போவீங்க. மூக்கு சூடே ஏறாது. கரி படியும், படியும், ஒரு நாள் நடுரோட்டுல நின்னுரும்."

"நீலம்?"

"அது கம்பெனி சொன்ன அதே சூடு. குழாய் பெருசானதுக்கு, நான் டர்போ அழுத்தத்தை இறக்கிக் கட்டிடறேன். பிளக்கு நுனியில இடைவெளிய ஒரு மயிரிழை குறைச்சுப் போட்டாப் போதும். ஒண்ணும் ஆகாது. ஆனா, அப்புறம் அது..." யாப் குரலைத் தாழ்த்தினான். "சந்தைக்குப் போற வண்டி."

தாழ்த்தி என்ன பயன்? ஹஸ்னோலின் காதில்தான் ஒரு குறையும் இல்லையே. அவர் சிவப்புப் பெட்டியை எடுத்து மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

ரோஸ்மினா அந்தக் கையைப் பார்த்தாள். இந்த எட்டு மாதமாக எல்லோரும் எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார்கள். அப்பா சாப்பிட்டாரா, அவருக்கு எந்தக் கட்டில், எந்த மருந்து, முடி வெட்டலாமா என்று அவரை முன்னால் வைத்துக்கொண்டே அவளைக் கேட்டார்கள். அவளும் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போயிருந்தாள். அவர் சட்டையின் நிறத்தைக்கூட அவள்தான் தேர்ந்தெடுத்தாள். இன்று, இத்தனை நாளில் முதல் தடவையாக, அவர் ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு இதுதான் வேண்டும் என்கிறார்.

"அவர் கேட்டதையே போடு யாப்."

"அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"போடு. வண்டி அவரோடது."

யாப் தோளைக் குலுக்கிவிட்டுப் போட்டான். சாவியைத் திருகியதும் வண்டி இருமி, செருமி, பிறகு தொண்டையைத் திறந்து உறுமியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. பூனை மதிலேறி ஓடியது. ஸபேடா அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? இத்தனை நாள் நிம்மதியாத் தூங்கினேன்டி!" என்று கத்தினாள். திட்டிவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்று ஹஸ்னோலின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. கிளட்ச் கல்லைப் போலக் கனத்தது. ஒவ்வொரு சிக்னலிலும் ரோஸ்மினாவின் இடது முழங்கால் அவளைத் திட்டியது. ஆனால் ஹஸ்னோல் கேட்டைப் பிடிக்கவில்லை. சீக்கிரமே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார். வண்டிக்குள் உட்கார்ந்ததும் தலையைக் கொஞ்சம் சாய்த்து எஞ்சினைக் கேட்பார். கியர் மாற்ற வேண்டிய நேரம் வந்தால் இடது கையை உயர்த்துவார். அவள் தாமதித்தால் தொடையில் தட்டுவார்.

"தட்டாதீங்க. நான் சிப்பாங்ல ஓட்டல, மருந்துக்கடை வாசல்ல ஓட்டுறேன்" என்பாள்.

"பெலும்" என்பார். அதற்கு அநேகமாக, 'மாத்துடி' என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது வாரத்தில் வண்டி இழுக்கத் தொடங்கியது. சிக்னலில் நிற்கும்போது குலுங்கியது. கிளம்பும்போது படபடவென்று தடுக்கியது. பெட்ரோல் வாடை வந்தது. அது என்ன என்று ரோஸ்மினாவுக்குத் தெரியும். யாப் சொன்னது அப்படியே நடக்கிறது. ஆனாலும் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவன் வருவான், மூடியைத் திறப்பான், பழையபடி நீலமா சிவப்பா என்று ஆரம்பிக்கும், அவர் முகம் வாடும், ஒரு முடிவு எடுக்க வேண்டும். முடிவெடுக்கிற தெம்பு அவளிடம் இல்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அந்த அடுத்த வாரத்தில் ஒரு காலை, இரவு வேலை முடித்து நேராக வந்து, அவரைக் குளிப்பாட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். சிரம்பானை ஒட்டிய ராசா பக்கம் போனபோது மழை கொட்டியது. சாலை முழுக்க வண்டிகள் அடைத்து நின்றன. எஞ்சின் இரண்டு தடவை இருமி அடங்கிவிட்டது. சாவியைத் திருகினாள். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினாள். பின்னாலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. ஒன்று, அப்புறம் நாலைந்து சேர்ந்து. ஹஸ்னோல் டேஷ்போர்டை இடது கையால் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டார். வண்டிக்குள் மூத்திர வாடை பரவியது.

ரோஸ்மினா ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்தாள். எடுத்தபோது அவளுக்குள்ளிருந்து வந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"எனக்கு முடியலைங்க! கேக்குதா? முடியல. ராத்திரி முழுக்க நின்னுட்டு வர்றேன். வந்து உங்களக் குளிப்பாட்டுறேன், ஊட்டுறேன், துடைக்கிறேன். அது பரவாயில்ல, அது என் வேலை. இப்ப உங்க பிளக்குக்கும் நான் அழணுமா? நாப்பதுல போறவளுக்கு எதுக்குங்க ரேஸ் பிளக்கு? யாருக்காக அது? நீங்க இனிமே சிப்பாங் போகப்போறதில்ல. எல்லாரும் ஆரஞ்சுப் பழம் கொடுத்துட்டு, சீக்கிரம் சரியாயிரும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. யாராச்சும் ஒருத்தர் சொல்லணும்ல? நான் சொல்றேன். போகப்போறதில்ல. முடிஞ்சுபோச்சு."

மழை கண்ணாடியில் வழிந்தது. ஹஸ்னோல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கென்று மிஞ்சியிருந்த அந்த ஒரு சொல்லைக்கூட அவர் சொல்லவில்லை.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். இவ்வளவு நேரம் ஹாரன் அடித்த பின்வண்டிக்காரன்தான், நனைந்துபோய் நின்றான். "அக்கா, நியூட்ரல்ல போடுங்க. தள்ளுறோம்." அவனோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்து வண்டியைப் பக்கத்துப் பெட்ரோல் நிலையம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கிருந்த கழிப்பறையில் அவள் அவருக்குச் சாரோங் மாற்றினாள். எதிரெதிரே நின்றும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர் இடது கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அவள் சொல்லாமலே காலைத் தூக்கிக் கொடுத்தார்.

யாப் வந்து மூடியைத் திறந்தான். நான்கு பிளக்குகளையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தான். நான்கும் கரிச்சட்டி அடியைப் போல இருந்தன, பெட்ரோலில் நனைந்து. நான் அப்பவே சொன்னேன் என்று சொல்வான் என ரோஸ்மினா காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. ஒன்றை எடுத்துத் துடைக்காமல் அப்படியே ஹஸ்னோலின் கையில் கொடுத்தான்.

சிப்பாங்கில் பிளக் பார்த்துச் சொல்வதற்கு ஹஸ்னோலைத்தான் எல்லோரும் தேடி வருவார்கள். கழற்றிக் கொண்டுவந்து நீட்டினால், வெளிச்சத்தில் திருப்பி, இது கொதிக்குது, இதுக்குப் பெட்ரோல் பத்தல, இதை ஓட்டுறவன் பயந்தாங்கொள்ளி என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். இப்போதும் அப்படியே திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார். விரல் கறுத்தது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அதைத் துணியில் திரும்ப வைத்துவிட்டார். ஓட்டியவள் யார் என்று அவருக்குத் தெரியும். எங்கே ஓட்டினாள், எதற்காக ஓட்டினாள் என்பதும் தெரியும்.

"இப்ப சொல்லுங்கண்ணே. இதையே கழுவிப் போடட்டுமா, நீலத்தப் போடட்டுமா?"

அவர் எதையும் தொடவில்லை. முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

யாப் ரோஸ்மினாவைப் பார்த்தான்.

"நீலத்தப் போடு. அழுத்தத்தையும் இறக்கிக் கட்டு" என்றாள்.

வாதத்தில் ஜெயித்த மாதிரி எல்லாம் இல்லை. ஆஸ்பத்திரியில் காகிதத்தைக் காட்டி இங்கே கையெழுத்துப் போடுங்க என்றபோது போட்டதைப் போலத்தான் இதையும் சொன்னாள். யாப் குனிந்து வேலையைப் பார்த்தான். வண்டி முதல் திருகிலேயே பிடித்தது. சத்தம் அதே பெரிய சத்தம்தான். ஆனால் யாப் மிதித்துக் காட்டியபோது அது பாதியிலேயே நின்றுகொண்டது. அதற்கு மேல் ஏறவில்லை. மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.

அப்புறம் ஒரு வாரம் ஹஸ்னோல் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஊட்ட வந்தால் கரண்டியைப் பிடுங்கி இடது கையால் தானே சாப்பிட்டார். பாதி சோறு மடியில் விழுந்தது. விழட்டும் என்று சாப்பிட்டார். பயிற்சி கொடுக்கிற பெண்ணோ, "அட, தானா சாப்பிடுறாரா! எப்படிம்மா பழக்கினீங்க?" என்று பாராட்டினாள்.

இஸியான் போனில் கேட்டாள். "அப்பாவுக்கு உங்க மேல கோபமாம்மா?"

"ஆமா. கோபப்படுற அளவுக்குத் தெம்பு வந்திருக்கு. விடு."

"நான் வந்து பேசட்டுமா?"

"வந்து பேசினா மட்டும்? வர்றதா இருந்தா வந்து ரெண்டு நாள் சமை."

ஒரு சாயங்காலம், பகல் வேலை வாரம் அது, அவள் கடையில் வாங்கிய வாழைப்பழப் பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ரோட்டுல நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றாள். "எல்லார் முன்னாடியும்."

தட்டை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள்.

"ஆனா சொன்னது பொய் இல்லங்க. பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. உங்களுக்கும் அது தெரியும்னு எனக்குத் தெரியும்."

அவர் ஒரு பலகாரத்தை எடுத்தார். கடித்தார். ரோஸ்மினா வெறும் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் தட்டைப் புறங்கையால் அவள் பக்கம் தள்ளினார். அவள் சும்மா இருந்தாள். இன்னொரு தடவை, அவள் முழங்காலில் இடிக்கிற அளவுக்குத் தள்ளினார். அவள் எடுத்துச் சாப்பிட்டாள். அழுகை வந்தது. ஆனால் அழுவதற்கும் ஆயாசமாக இருந்ததால் மென்று விழுங்கிவிட்டாள்.

நாட்கள் போயின. வண்டி எங்கும் நிற்கவில்லை. வலது கை தோள் வரைக்கும் கொஞ்சம் எழும்பியது. விரல்கள் மட்டும் வரவில்லை. ஒன்றிரண்டு சொற்கள் கூடின. 'தேத்தண்ணி' வந்தது. 'ரோஸ்' வந்தது. ஸபேடா அக்காவைக் கண்டால் ஒரு கெட்ட வார்த்தை பளிச்சென்று வந்தது. அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஹஸ்னோலுக்கு ஆலையில் வேலை முடிந்துவிட்டது என்று ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ரோஸ்மினா வாரத்துக்கு ஒரு நாள் கூடுதல் வேலை எடுத்தாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். இதெல்லாம் எப்போது முடியும் என்று கேட்பதை எந்த நாளில் விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அடுத்த பெருநாளுக்கு இஸியானைப் பார்க்க ஜோகூர் பாருவுக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. நெடுஞ்சாலைப் பயணம். அதற்கு முன் வண்டியை ஒருமுறை காட்டிவிடுவோம் என்று பயிற்சி முடிந்த கையோடு யாப்பின் கொட்டகைக்குப் போனார்கள். முந்தின இரவு அவளுக்கு வேலை. ரோஸ்மினா காரைவிட்டு இறங்கி, ஹஸ்னோலை நாற்காலிக்கு மாற்றி உட்கார்த்திவிட்டு, எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மின்விசிறி அவள் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

யாப் பிளக்குகளைக் கழற்றினான். "பாருங்கண்ணே" என்று ஒன்றைக் கொடுத்தான். பீங்கான் மூக்கு பால் தேநீர் நிறத்தில், சீராக, ஒரு கறையில்லாமல் இருந்தது. வெள்ளைத் திட்டு இல்லை, கரி இல்லை. நல்ல ஓட்டம் ஓடிய பிளக்கு. ஹஸ்னோல் அதை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். மற்ற மூன்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். நான்கும் ஒரே நிறம்.

"குறை சொல்ல முடியல இல்ல?" என்றான் யாப். "அக்கா நல்லா ஓட்டுறாங்க. உங்களவிட நல்லா ஓட்டுறாங்கன்னு சொன்னா அடிப்பீங்க. அதனால சொல்லல."

ஹஸ்னோல் கடைசிப் பிளக்கையும் திருப்பிக் கொடுத்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

யாப் பிளக்குகளைத் திரும்ப மாட்டி முறுக்கினான். ஓட்டிப் பார்க்கலாம் என்று உள்ளே கையை விட்டுச் சாவியைப் பிடித்தான். அப்போது ஹஸ்னோலின் இடது கை உயர்ந்தது. வேண்டாம் என்று விரித்துக் காட்டினார்.

யாப் திரும்பிப் பார்த்தான். ரோஸ்மினா நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலை அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. ஒரு செருப்பு காலை விட்டு நழுவியிருந்தது.

யாப் சாவியை விட்டுவிட்டான். இரும்பு அறுத்துக்கொண்டிருந்த பக்கத்துக் கொட்டகைக்காரனிடம் போய், கொஞ்சம் பொறுத்துச் செய்யும்படி சொல்லிவிட்டு வந்தான். ஹஸ்னோலின் பக்கத்தில் ஒரு பழைய டயரைப் போட்டு உட்கார்ந்து இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தினான். தேநீர் வாங்கி வந்து ஒன்றை அவர் இடது கையில் கொடுத்தான். இருவரும் குடித்தார்கள். ஒரு வாடிக்கையாளன் வந்து ஹாரன் அடிக்கப் போனான். யாப் எழுந்து ஓடிப்போய்த் தடுத்தான்.

வெயில் நகர்ந்து முகத்தில் விழுந்தபோதுதான் ரோஸ்மினா கண் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஐயோ, மதியமே தாண்டிருச்சே! ஏன் யாப் எழுப்பல?"

"அண்ணன் விடல."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு எழுந்தாள். முழங்கால் வலித்தது. சாயங்காலம் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். அதற்குள் சோறு ஆக்க வேண்டும். ஹஸ்னோலின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அவர் தன் எடையில் பாதியைத் தானே தாங்கிக்கொண்டு எழுந்தார். வண்டியில் ஏறியதும் அவள் சாவியைத் திருகினாள். தெருவில் வரிசையாக நின்ற வண்டிகளுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாக வீட்டுக்குத் திரும்பினார்கள்.